எட்டு வயதுக்கு முன்னால்

செயின்ட் பால், மினசோட்டா
11 ஆகஸ்ட் 1953

அன்புள்ள வெர்லாவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த ரொட்டியும் இறைச்சியும் ரயிலில் நன்றாக இருந்தன. நல்ல வார்த்தைகள் இத்தோடு முடிந்தன. மீதியை டெல்வின் பக்கத்தில் இல்லாதபோது படி.

இத்தனை வருடம் கழித்து, தங்கை மகனுக்குப் பெயர் வைக்கிறார்கள் என்று நான் பாடம் நடத்தும் பள்ளியின் விடுமுறையில் ஐடஹோ வரை வந்தேன். சபையில் ஆண்கள் எழுந்து போய் வட்டமாக நின்றார்கள். உன் கணவன் டெல்வின், அவன் தம்பிகள், பிஷப், போன மாதம் ஊருக்கு வந்த டிராக்டர் வியாபாரி கூட. ஒரு கை அடுத்தவன் தோளில், மறு கை குழந்தைக்கு அடியில். ராய்ஸ் அந்தக் கைகளின் மேல் படகு மாதிரி ஆடினான். அவனுடைய ஒரே தாய்மாமனான நான் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். உங்கள் சபை தன் ஆண்களுக்குச் சடங்கு செய்யக் கொடுக்கும் ஆசாரியத்துவம் டிராக்டர் விற்கிறவனுக்குக்கூட இருக்கிறது, எனக்கு இல்லை, ஏனென்றால் நான் கத்தோலிக்கனாகிவிட்டேன். உன் கல்யாணத்தின்போதும், சபையில் இல்லாதவன் என்று, ஆலயத்துக்கு வெளியே புல்தரையில்தான் நின்றேன். அப்பாவின் நிலம் டெல்வினுக்குப் போனபோதும் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் இதை எழுத வைத்தது அந்தக் கோபம் இல்லை. உன் பிள்ளைக்கு அழகான வார்த்தைகள் சொல்லி ஆட்டினீர்கள். கழுவவில்லை. ஆதாமிடமிருந்து நம் எல்லோருக்கும் வரும் ஜென்மப் பாவத்தோடு அவன் தொட்டிலில் படுத்திருக்கிறான். ஞானஸ்நானத்துக்கு நீங்கள் எட்டு வயது வரை காத்திருப்பீர்கள். காய்ச்சலும் எட்டு வயது வரை காத்திருக்குமா? என் சபையில் பிறந்திருந்தால் முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும்.

லைமன்

ஷெல்லி, ஐடஹோ
22 ஆகஸ்ட் 1953

லைமன் அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். டெல்வின் பார்த்திருந்தால் இதோடு உறவு முடிந்திருக்கும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நெட்டாவிடம் என்ன சொன்னாய்? நீ போனதிலிருந்து அவள் சரியாக இல்லை. ஏழு வயதுப் பெண், பகலெல்லாம் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். ராய்ஸின் மூக்குக்கு அடியில் விரலை வைத்துப் பார்க்கிறாள்.

“ஏண்டி இங்கயே நிக்கற? வெளிய போய் விளையாடேன்.”

“மூச்சு விடறானான்னு பாக்கறேம்மா.”

“விடாம என்ன பண்ணுவான்?”

“விடலன்னா எங்க போவான்?”

“நேரா பரலோகத் தகப்பன் மடியில போய் உக்காருவான். சின்னப் பிள்ளைங்க எல்லாரும் அப்படித்தான்.”

“மாமா அப்படிச் சொல்லல.”

இதை அவள் அமைதியாகத்தான் சொன்னாள்.

உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன், நீயும் இதே சபையில் வளர்ந்தவன்தான். ஆதாம் செய்ததற்கு ஆதாம்தான் பொறுப்பு. என் பிள்ளை யாருடைய தப்பையும் முதுகில் தூக்கிக்கொண்டு பிறக்கவில்லை. எட்டு வயதுக்கு முன்னால் பாவம் அவனைத் தொடக்கூட முடியாது. கைக்குழந்தையைக் கழுவ வேண்டும் என்று சொல்வது, கடவுள் அழுக்கானதை அனுப்பிவிட்டார் என்று சொல்வது. அது அவரைக் கேலி செய்வதாகும் என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் அதை நம்புகிறேன்.

அவளிடம் நீ சொன்னதை வார்த்தை விடாமல் எழுது.

வெர்லா

செயின்ட் பால்
2 செப்டம்பர் 1953

அன்புள்ள வெர்லாவுக்கு,

மறைக்க எனக்கு எதுவும் இல்லை. அவள்தான் கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வட்டம் கட்டி நின்றபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “மாமா, நீங்க ஏன் போகல?” என்றாள்.

“என்னைச் சேத்துக்க மாட்டாங்க.”

“நீங்க கெட்டவரா?”

“எங்க சபையில எல்லாருமே கெட்டவங்களாத்தான் பொறப்போம். அதனால பொறந்ததும் தண்ணியால கழுவிடுவாங்க.”

“ராய்ஸ் கெட்டவன் இல்லையே. அவனுக்குப் பல்லே வரல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. முன் பெஞ்சுக்காரி திரும்பிப் பார்த்தாள். “அவனும்தான் கண்ணு” என்றேன்.

“கழுவலன்னா?”

“கழுவாம செத்துட்டா கடவுளோட முகத்தைப் பாக்க முடியாது. மோட்சமும் இல்ல, நரகமும் இல்ல. நடுவுல ஒரு இடத்துல இருப்பாங்க.”

“தனியாவா?”

நேர்மையாகச் சொன்னால், எங்கள் நூல்களில் அதற்குத் தெளிவான பதில் இல்லை. பிறகு அவள் வட்டத்தைக் காட்டி, “அவங்க மட்டும்தான் கழுவ முடியுமா?” என்றாள். அங்கேதான் நான் சந்தோஷமாகச் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன்: “அவசரம்னா யாரு வேணாலும் செய்யலாம். ஆம்பள, பொம்பள, உன்ன மாதிரி சின்னப் பொண்ணு கூட. எங்க சபையில தோள்ல கைபோட்டு வட்டமெல்லாம் வேண்டாம்.”

இது உண்மை. எங்கள் சபை அப்படித்தான் சொல்கிறது. உன் மகளுக்கு உன்னைவிட நல்ல கேள்வி கேட்கத் தெரிகிறது. அதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளாதே.

லைமன்

ஷெல்லி
19 செப்டம்பர் 1953

லைமன் அண்ணாவுக்கு,

அந்தக் கடிதத்தையும் எரித்தேன். சண்டை போட இப்போது எனக்குத் தெம்பு இல்லை. திங்கட்கிழமை உருளைக்கிழங்கு தோண்ட ஆரம்பிக்கிறோம். வழக்கம்போல் பள்ளிக்கூடத்தை அறுவடைக்காக மூடிவிட்டார்கள். உறைபனி வருவதற்குள் எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். நானும் வயலில் இருப்பேன். நெட்டா ராய்ஸைப் பார்த்துக்கொள்வாள். பால் கொடுக்க மட்டும் நான் வந்து போவேன்.

உன் மனம் நிம்மதியாகட்டும் என்று ஒரு நல்ல செய்தி எழுதுகிறேன். நெட்டா தொட்டில் பக்கம் நிற்பதை விட்டுவிட்டாள். இப்போது அவளுக்குப் புது விளையாட்டு. நவம்பரில் எட்டு வயது ஆகிறதே, தன் ஞானஸ்நானத்துக்கு ஒத்திகை பார்க்கிறாள். துணி துவைக்கும் தொட்டியில் பொம்மையை மல்லாக்கச் சாய்த்து முழுவதும் முக்கி எடுக்கிறாள். டெல்வின் செய்வது போலவே வலது கையை உயர்த்தி அதே வார்த்தைகளைச் சொல்கிறாள். போன வருடம் அவள் அத்தை மகனின் ஞானஸ்நானத்தில் ஒரு கால்விரல் தண்ணீருக்கு வெளியே தெரிந்ததென்று சாட்சிகள் மறுபடி மறுபடி முக்கச் சொன்னார்கள். அதை இவள் மறக்கவில்லை.

“கால் வெளிய வந்துருச்சுப்பா. இது செல்லாது.”

“அப்ப இன்னொரு தடவை போடு சிஸ்டர்!” என்று, சபைப் பெண்களைக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டு, டெல்வின் சிரிக்கிறான்.

மரப் பொம்மை, மிதந்துவிடுகிறது. நேற்று அதன் இடுப்பில் ஒரு கல்லைத் துணியால் கட்டியிருக்கிறாள். என்ன மூளை பார். நம் குடும்ப மூளைதான்.

வெர்லா

செயின்ட் பால்
23 செப்டம்பர் 1953
அவசரத் தபால்

வெர்லா,

இதைக் கையில் வாங்கியதும் வயலிலிருந்து வீட்டுக்கு ஓடு. பிறகு படி.

நெட்டாவை ராய்ஸோடு தனியாக விடாதே. தொட்டியைக் கவிழ்த்து வை. குதிரைகளுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியையும். கால்வாய்ப் பக்கம் அவளை விடாதே. அது அவளுடைய ஒத்திகை இல்லை. முக்கப்படுகிறவளாக அவள் விளையாடவில்லை, முக்குகிறவளாக விளையாடுகிறாள்; அந்தப் பொம்மை ராய்ஸ். உனக்குப் புரிகிறதா?

குழந்தையைக் கழுவ வேண்டும் என்று நான் சொன்னேன். யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றும் சொன்னேன். எப்படி என்று சொல்லவில்லை. எங்கள் சபையில் அது நெற்றியில் ஊற்றும் ஒரு குவளைத் தண்ணீர். குழந்தை தும்மும், அவ்வளவுதான். அது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் கண்ணால் பார்த்த ஞானஸ்நானம் ஒன்றுதான். தலை முதல் கால் வரை முழுவதும் உள்ளே போக வேண்டும், ஒரு விரல் நுனி வெளியே தெரிந்தாலும் மறுபடி.

உங்களுடையது எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு. எங்களுடையது ஒரு கை தண்ணீர். தனித்தனியாக இரண்டும் யாரையும் கொல்லாது. அவள் இரண்டையும் சேர்த்துவிட்டாள்.

நேற்று உன் கடிதம் வந்ததும் தொலைபேசியில் கூப்பிட்டேன். டெல்வின் எடுத்தான். “மச்சான், கிழங்கு பூமிக்குள்ள கிடக்கு, பனி தலைக்கு மேல நிக்குது. உன் பிரசங்கத்தைக் கேக்க எனக்கு நேரமில்ல” என்று வைத்துவிட்டான். நான் ஒரு வாக்கியம்கூட முடிக்கவில்லை.

லைமன்

செயின்ட் பால்
26 செப்டம்பர் 1953

வெர்லா,

பதில் இல்லை. தந்தி கொடுத்தேன். அதற்கும் இல்லை. ஷெல்லியில் தந்தி கொண்டுவருகிறவனும் கிழங்கு பொறுக்கப் போயிருப்பான்.

வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டேன். அங்கே நாலைந்து வீட்டுக்கு ஒரே தொலைபேசிக் கம்பி என்பது எனக்கு மறந்துவிட்டது. யாரோ இரண்டு பெண்கள் ஊறுகாய் போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் குறுக்கே பேசினேன்.

“யாருங்க நடுவுல?”

“டெல்வின் பைபீ வீட்டுக்கு வேணும். அவசரம். நான் வெர்லாவோட அண்ணன்.”

“ஓ, அந்தக் கத்தோலிக்கன்! சிஸ்டர் ஹெஸ் பேசறேன், பக்கத்துப் பண்ணை. என்னப்பா, அங்க சிலைங்க எல்லாம் சௌக்கியமா?”

அவளிடம் கெஞ்சினேன், வெர்லா. இத்தனை வருடத்தில் உங்கள் ஊரில் யாரிடமும் நான் கெஞ்சியதில்லை. போய்ப் பாருங்கள், குழந்தையைத் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள் என்றேன். “உனக்கு உடம்புக்கு ஏதாச்சும் முடியலையா?” என்று கேட்டாள். பிறகு கம்பி அறுந்ததா, அவள் வைத்தாளா, தெரியாது.

வகுப்பில் லத்தீன் வினைச்சொல்லைக் கரும்பலகையில் பாதி எழுதிவிட்டு அப்படியே நின்றேன். மாணவர்கள் சிரிக்கவில்லை, பயந்துவிட்டார்கள். தண்ணீர் விழும் சத்தம் எங்கே கேட்டாலும் எழுந்து போய்க் குழாயை மூடுகிறேன்.

ஒரு வரி எழுது. திட்டி எழுது. பரவாயில்லை.

லைமன்

ஷெல்லி
4 அக்டோபர் 1953

லைமனுக்கு,

உயிரோடு இருக்கிறான். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை நடந்தது. உன் அவசரத் தபால் மறுநாள்தான் வந்தது. சிஸ்டர் ஹெஸ் நீ சொன்னதை நம்பி வரவில்லை. உன் அண்ணனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று என்னிடம் சொல்லி ரசிக்கத்தான் வேகவேகமாக நடந்து வந்திருக்கிறாள். அந்த ஆசைதான் என் பிள்ளையைக் காப்பாற்றியது.

பெயர் வைத்த அன்று போட்ட வெள்ளை அங்கியை நெட்டா ராய்ஸுக்குப் போட்டுவிட்டிருக்கிறாள். அவனுக்குக் குளிருமே என்று அடுப்பிலிருந்து கெட்டில் கெட்டிலாக வெந்நீர் சுமந்து போய்க் குதிரைத் தொட்டியில் ஊற்றியிருக்கிறாள். அந்தத் தொட்டிக்கு அதெல்லாம் எம்மாத்திரம். ஏறி நிற்க ஒரு கிழங்குப் பெட்டி. சிஸ்டர் ஹெஸ் வந்தபோது இரண்டு முறை முடிந்திருந்தது.

“அடிப் பாவி, என்ன பண்ற?”

“இன்னும் ஒரு தடவைதான் அத்தை. குதிகால் வெளிய வந்துருச்சு.”

ராய்ஸ் நீலமாக இருந்தான். சிஸ்டர் ஹெஸ் அவனைக் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு முதுகில் தட்டினாள். சத்தம் கேட்டு நான் வரப்பு தாண்டி ஓடி வந்தபோது தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தான். மருத்துவமனையில் ஒரு வாரம். நுரையீரலில் சளி. நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

இதற்காக உனக்கு நன்றி சொல்ல மாட்டேன். அதை என்னிடம் எதிர்பார்க்காதே.

இப்போது நடப்பதைக் கேள். டெல்வின் அவளை அடிக்கவில்லை. மடியில் உட்கார வைத்து நிதானமாகச் சொன்னான்: “கண்ணு, நீ பண்ணது செல்லாது. உனக்கு ஆசாரியத்துவம் இல்ல. கைக்குழந்தைக்கு அது தேவையும் இல்ல.” எங்கள் போதனைப்படி எல்லாம் சரியான வார்த்தைகள். அவள் காதில் விழுந்தது ஒன்றுதான்: செல்லாது. இன்று காலை சமையலறைத் தொட்டிக்கு ஸ்டூலை இழுத்துக்கொண்டு போனாள். இடுப்பில் ராய்ஸ். நான் கதவில் நின்றிருந்ததால் பார்த்தேன். இனி எத்தனை கதவில் நிற்பேன்?

அவளிடம் செல்லும் என்று சொன்னால்தான் இது நிற்கும். அதை என் வாயால் சொல்ல முடியாது. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் செல்லும் என்று சொல்வது நான் கற்ற எல்லாவற்றையும் மறுப்பது. உன் சபையில் அது செல்லுமா? டெல்வின் சொல்லும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னாளாம். பிதா, சுதன், பரிசுத்த ஆவி.

இன்னொன்று. எங்கள் சபையில் அவளுக்கு எட்டு ஆகவில்லை, எனவே அவள்மேல் பாவமில்லை. உன் சபையில் என் மகள் குற்றவாளியா?

வெர்லா

செயின்ட் பால்
8 அக்டோபர் 1953

அன்புள்ள வெர்லாவுக்கு,

உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் அடுத்த வரிக்குப் போகவில்லை.

எங்கள் பாதிரியாரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். தண்ணீர் இருந்தது, சரியான வார்த்தைகள் இருந்தன, கழுவும் எண்ணம் இருந்தது. செல்லும் என்றார். அப்படியானால் எங்கள் சபையின் கண்ணில் ராய்ஸ் எங்களைச் சேர்ந்தவன். அந்த வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்த அன்று இதைவிடப் பெரிய பழிவாங்கல் எனக்குக் கிடைத்திருக்காது. கிடைத்துவிட்டது. கையில் பிடிக்கப் பயமாக இருக்கிறது.

நெட்டாவிடம் இதைப் படித்துக் காட்டு:

“கண்ணு, நீ செய்தது செல்லும். மாமா பெரியவர்களிடம் கேட்டுவிட்டேன். கால் வெளியே வந்தாலும் செல்லும், தலையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி அந்தப் பெயர்களைச் சொன்னாலே போதும். ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே முறைதான். மறுபடி செய்வது தப்பு. ராய்ஸுக்கு முடிந்துவிட்டது. இனி தம்பியைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டு போகாதே.”

இது முழுக்க உண்மை. நீ சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பாவம் என் கணக்கில் இருக்கட்டும். ஆனாலும் அவனோடு அவளைத் தனியாக விடாதே.

உன் இரண்டாவது கேள்வி. எங்கள் சபையில் புத்தி தெளியும் வயது ஏழு. உங்கள் சபையில் எட்டு. நெட்டா இரண்டுக்கும் நடுவே நிற்கிறாள். இதற்கு எங்கள் நூல்களில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும், பக்கத்தோடு தெரியும். எழுத மாட்டேன். கெட்டிலில் வெந்நீர் சுமந்தவளை யாரும் என் முன்னால் குற்றவாளி என்று சொல்ல வேண்டாம்.

டெல்வின் அன்று போனை வைக்காமல் இருந்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. அதை மன்னிக்க எனக்கு இன்னும் வரவில்லை. என்னையும்தான்.

லைமன்

ஷெல்லி
17 அக்டோபர் 1953

லைமன் அண்ணாவுக்கு,

படித்துக் காட்டினேன். டெல்வின் கிழங்கு லாரியோடு போயிருந்தான். நெட்டா அசையாமல் கேட்டாள். மறுபடி ஒரு முறை படிக்கச் சொன்னாள். பிறகு அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன். இந்த இரண்டு மாதமாக அவள் தோளைத் தூக்கியே வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ராய்ஸை எடுத்து முத்தம் கொடுத்தாள். தொட்டிலில் விட்டாள். முடிந்தது என்று நினைத்தேன்.

“அப்ப நான்?” என்றாள்.

“நீ என்ன?”

“என்னை யாரும் கழுவலையே. நவம்பர் வரைக்கும் நான் சாகாம இருக்கணும். அதனாலதான் வண்டியில ஏறமாட்டேன்னு சொன்னேன். அதனாலதான் ஆப்பிள் துண்டு சாப்பிடல, தொண்டையில சிக்கிடும்னு. நான் போய்ட்டா அந்த நடு இடத்துல எனக்கு யாரையும் தெரியாதும்மா.”

அவள் சாப்பிடாமல் மெலிந்ததை நான் அறுவடைக் களைப்பு என்று நினைத்திருந்தேன்.

மடியில் வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஆதாம் செய்தது ஆதாமோடு போயிற்று, நீ வெள்ளைத் துணி மாதிரி, உன்மேல் ஒரு கறை இல்லை. அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். தெரியாதவளைப் பார்ப்பது போல. “சரிம்மா” என்றாள், என் மனம் நோகக் கூடாதென்று.

நான் எழுந்து போய் மாவு அளக்கும் குவளையில் தண்ணீர் பிடித்தேன்.

நான் நம்பவில்லை, அண்ணா. ஊற்றும்போதும் நம்பவில்லை. எனக்கு ஆசாரியத்துவம் இல்லை, அவளுக்கு வயது ஆகவில்லை, அவளைக் குனிய வைத்தது பாத்திரம் கழுவுகிற தொட்டியில். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று அந்தப் பெயர்களைச் சொல்லி அவள் தலையில் ஊற்றினேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. ஏவாள் தெரிந்தேதான் கட்டளையை மீறினாள், பிள்ளைகள் பிறக்க வேண்டும் என்பதற்காக மீறினாள் என்று ஞாயிறு வகுப்பில் பெண்களுக்கு நான் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவளுக்குக் கை நடுங்கியிருக்கும் என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

“அவ்வளவுதானா?” என்றாள் நெட்டா.

“அவ்வளவுதான்.”

அப்புறம் ஒரு முழு ஆப்பிளைத் தின்றாள்.

தலை துவட்டுவதற்குள் லாரி வந்துவிட்டது. டெல்வின் உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றினான். அவளைப் பார்த்தான், தரையில் தண்ணீரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். குவளை இன்னும் என் கையில்தான் இருந்தது.

“என்னடா இது, இந்த நேரத்துல ஈரத் தலை?”

“சிரப் கொட்டிக்கிட்டேம்பா” என்றாள் நெட்டா. “அப்பத்துக்கு ஊத்தும்போது. அம்மாதான் அலசி விட்டாங்க.” ஒரு கண் சிமிட்டல் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. சொல்லிவிட்டு வெட்கப்பட்டவள் போலச் சிரித்தாள். அவன் அவள் ஈரத் தலையில் முத்தம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனான். அவள் என் பக்கம் திரும்பி, பயப்படாதே என்பது போலத் தலையை மெல்ல ஆட்டினாள்.

அவள் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவளிடம் எதையும் மறைக்கச் சொல்ல எனக்கு நேரமும் இருக்கவில்லை. அன்றிலிருந்து அவள் நன்றாகத் தூங்குகிறாள். நான்தான் அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

செல்லும் என்று எனக்கு எழுதாதே. செல்லாது என்றும் எழுதாதே. இதை மட்டும் சொல், உனக்குத்தான் எல்லா நூலும் தெரியுமே: அவளுக்குப் பொய் சொல்ல யார் சொல்லிக் கொடுத்தது?

வெர்லா